பேக்கப் திரை காட்டுவதும் மறைப்பதும்: பேரியோஸ் இணைய முகப்பில் வரும் கோளாறுகள்

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் கோவில் சங்க அலுவலகத்தில் ஒரு பழைய மேசைக் கணினி சர்வராக ஓடுகிறது. ரசீதுக் கணக்கு, காவடி எடுப்பவர்களின் பதிவேடு, மாலைத் தமிழ் வகுப்பின் பாடங்கள், பெட்டி பெட்டியாக ஸ்கேன் செய்த பழைய புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் பேக்கப் எடுப்பது அதன் வேலை. மென்பொருள் பேரியோஸ். பக்குலா என்ற பழைய பேக்கப் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. பேக்கப், டிராகுலா இரண்டையும் ஒட்டி வைத்த பெயர்தான் பக்குலா. இரவில் வந்து கணினியின் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு போகும் என்ற கேலி அதில் இருக்கிறது.

கருப்புத் திரையில் கட்டளை தட்ட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நான் ஊரில் இல்லாத நாளில் செயலாளர் ஐயா ஒரு கோப்பை மீட்க வேண்டுமென்றால் அவருக்குப் பிரவுசரில் திறக்கிற ஒரு பக்கம் வேண்டும். அதற்காகத்தான் இணைய முகப்பை நிறுவினேன். நிறுவ ஒரு மணி நேரம் ஆனது. அதிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை. "பேக்கப் பா பெ மார்ஸே" என்று கிரியோலில் ஒரே வாக்கியம்தான் வரும், வேலை செய்யவில்லையாம். எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது என் பாடு. அப்படிக் கண்டுபிடித்தவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இவற்றை நான் பெரும்பாலும் போனில் வாய்விட்டுச் சொல்லித்தான் பழக்கம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் யார் யாரிடம் பேசுகிறார்கள்

பேரியோஸில் மூன்று ஆட்கள். டைரக்டர் உத்தரவு போடுபவர். 9101 என்ற போர்ட்டில் (கணினிக்குள் பேச்சு நுழையும் எண்ணிட்ட வாசல்) உட்கார்ந்திருப்பார். பேக்கப் எடுக்கவேண்டிய ஒவ்வொரு கணினியிலும் ஃபைல் டீமன் இருக்கும் (டீமன் என்றால் பின்னணியில் ஓடும் நிரல்). அதன் போர்ட் 9102. வட்டில் எழுதி வைப்பது ஸ்டோரேஜ் டீமன், போர்ட் 9103. எந்தக் கோப்பு எந்த நாளில் எங்கே போனது என்ற பேரேடு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதற்குக் கேட்டலாக் என்று பெயர். 21-ஆம் பதிப்பிலிருந்து மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு இடமில்லை, ஆகவே பழைய குறிப்புகளைப் பார்த்து அதை நிறுவாதீர்கள்.

இணைய முகப்பு நான்காவது ஆள், ஆனால் வேலை செய்யும் ஆள் அல்ல. அது அப்பாச்சி என்ற வெப் சர்வரில் ஓடும், பிஹெச்பி மொழியில் எழுதிய ஒரு நிரல். நீங்கள் பொத்தானை அழுத்தினால் டைரக்டரிடம் போய்க் கேட்டுவந்து காட்டும், அவ்வளவுதான். அதனால் எந்தப் புகார் வந்தாலும் நான் முதலில் சர்வரில், டைரக்டரிடம் நேராகக் கட்டளை தட்டும் பி-கன்சோலைத் திறந்து 'ஸ்டேட்டஸ் டைரக்டர்' என்று தட்டச் சொல்வேன். அங்கே பதில் ஒழுங்காக வந்து, பிரவுசரில் மட்டும் கோளாறு என்றால் குற்றம் அப்பாச்சிக்கும் டைரக்டருக்கும் நடுவில். பி-கன்சோலிலும் அதே கோளாறு தெரிந்தால் இணைய முகப்பைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் முகப்பை அழித்து மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

பக்கமே திறக்கவில்லை

முகவரிப் பட்டையில் சர்வரின் பெயர், சாய்கோடு, 'பேரியோஸ்-வெப்யூஐ'. 404 வந்தால் அப்பாச்சிக்கு அந்தப் பக்கம் இருப்பதே தெரியவில்லை. டெபியன் வகை லினக்ஸில் 'ஏ2என்கான்ஃப் பேரியோஸ்-வெப்யூஐ', அடுத்து 'ஏ2என்மாட் ரீரைட்', அப்புறம் அப்பாச்சியை மறுதொடக்கம். முகப்புப் பக்கம் மட்டும் வந்து, உள்ளே எதை அழுத்தினாலும் 404 என்றால் ரீரைட்தான் விட்டுப்போயிருக்கும்.

திரையில் பிஹெச்பி நிரலே எழுத்து எழுத்தாக வந்தால் பிஹெச்பி அப்பாச்சியோடு இணைக்கப்படவில்லை. வெறும் வெள்ளைப் பக்கம் வந்தால் அப்பாச்சியின் எரர் லாகில் (பிழைப் பதிவில்) கடைசி சில வரிகளைப் பாருங்கள். என் அனுபவத்தில் இது பெரும்பாலும் இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் வரும்: பிஹெச்பி புதிது, முகப்பு பழையது. டைரக்டரையும் முகப்பையும் ஒரே களஞ்சியத்திலிருந்து, ஒரே பதிப்பில் எடுத்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

பாஸ்வேர்ட் சரி, ஆனால் உள்ளே விடவில்லை

எல்லாரும் இங்கேதான் சிக்குவார்கள். அடையாளத்தை உறுதி செய்ய முடியவில்லை, பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு, இல்லையென்றால் டிஎல்எஸ் (பேச்சைப் பூட்டி அனுப்பும் முறை) கைகுலுக்கல் தோல்வி என்று மூன்று காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் போட்டு முகப்பு கையை விரித்துவிடும். எது என்று அது சொல்லாது. நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இங்கே செல்லாது. இது டைரக்டருக்குள் தனியாக உருவாக்க வேண்டிய கணக்கு. அதன் பெயர் கன்சோல். பி-கன்சோலுக்குள் ஒரே வரியில் உருவாக்கலாம்: 'கான்ஃபிகர் ஆட் கன்சோல்', பிறகு 'நேம்' சமம் நீங்கள் வைக்கும் பெயர், 'பாஸ்வேர்ட்' சமம் உங்கள் ரகசியம், 'ப்ரொஃபைல்' சமம் 'வெப்யூஐ-அட்மின்', கடைசியில் 'டிஎல்எஸ்எனேபிள்' சமம் 'ஃபால்ஸ்'.

அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிடுவதுதான் பத்தில் எட்டுப் பேரின் கோளாறு என்று நினைக்கிறேன். 18.2 பதிப்பிலிருந்து பேரியோஸ் தன் ஆட்களுக்குள் பேசும் பேச்சையெல்லாம் டிஎல்எஸ்-பிஎஸ்கே என்ற முறையில் பூட்டிக்கொள்கிறது. பாஸ்வேர்டையே சாவியாக வைத்துப் பூட்டும் முறை அது. பி-கன்சோலுக்கு அது தெரியும், பிஹெச்பிக்குத் தெரியாது. அதனால்தான் அதே பெயரும் பாஸ்வேர்டும் பி-கன்சோலில் ஓடி, பிரவுசரில் ஓடாமல் நம்மைக் குழப்பும். முகப்பும் டைரக்டரும் ஒரே கணினியில் இருந்தால் அந்தக் கணக்குக்கு மட்டும் டிஎல்எஸ்ஸை அணைப்பதில் பயமில்லை, பேச்சு அந்தப் பெட்டியை விட்டு வெளியே போவதில்லை. வேறு வேறு கணினிகள் என்றால் அணைக்காதீர்கள். சான்றிதழ் வைத்து டிஎல்எஸ் அமையுங்கள். வேலை கூடுதல்தான், வேறு வழியில்லை.

சிலர் 'கான்ஃபிகர்' கட்டளையை நம்பாமல் கோப்பைக் கையால் எழுதுவார்கள். அதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. முதல் குழி உரிமை. நிர்வாகிக் கணக்கான ரூட்டாக எழுதிய கோப்பை பேரியோஸ் என்ற பயனரால் படிக்க முடியாமல் போகலாம். கோப்பு அங்கேயே இருக்கும், டைரக்டரால் திறக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் மற்ற கோப்புகளின் உரிமையாளர் யார் என்று பார்த்து அதையே இதற்கும் வைத்துவிடுங்கள். இரண்டாவது குழி மேற்கோள் குறி. கூரிபிப்பிலிருந்து ஒரு தம்பி தன் அமைப்பை வேர்ட் கோப்பில் ஒட்டி எனக்கு அனுப்பினான். நேரான மேற்கோள் குறிகளை வேர்ட் அழகாக வளைத்து வைத்திருந்தது. கண்ணுக்கு எல்லாம் சரி, டைரக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அரை நாள் போயிற்று.

கையால் மாற்றிய பிறகு பி-கன்சோலில் 'ரீலோட்' போட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்று படியுங்கள். அமைப்பில் பிழை இருந்தால் டைரக்டர் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டு ஓடும். நீங்களோ புதியது வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாம் சரி, இன்னும் விடவில்லை என்றால் விசைப்பலகையைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். ரியூனியனிலிருந்து வந்த ஒரு மடிக்கணினியை எங்கள் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். பிரெஞ்சு விசைப்பலகை, மேல் வரிசை 'ஏ', 'இசட்' என்று தொடங்கும். பழகிய விரல் 'கியூ' என்று நினைத்து அழுத்துகிற இடத்தில் 'ஏ' விழும். பாஸ்வேர்ட் பெட்டியில் புள்ளிகள்தானே தெரியும்? பயனர் பெயர் பெட்டியில் ஒருமுறை பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்து, உடனே அழித்துவிடுங்கள்.

கணக்குச் சரி, ஆனால் டைரக்டரையே எட்ட முடியவில்லை என்று வந்தால் இடிசி அடைவில் 'பேரியோஸ்-வெப்யூஐ' என்பதற்குள் 'டைரக்டர்ஸ்.ஐஎன்ஐ' கோப்பைத் திறந்து முகவரியும் 9101-ம் ஒழுங்காக இருக்கின்றனவா, 'எனேபிள்ட்' என்பது 'யெஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ரெட் ஹாட் வகை லினக்ஸ் என்றால் இன்னொரு காவலாளி உண்டு: எஸ்இலினக்ஸ். அப்பாச்சி வெளியே யாரோடும் பேசக்கூடாது என்று அது தடுத்து வைத்திருக்கும். 'செட்செபூல்', 'ஹைஃபன் பெரிய பி', பிறகு 'எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட்' (சொற்களுக்கு நடுவே அடிக்கோடு), கடைசியில் 'ஆன்'. எஸ்இலினக்ஸையே மொத்தமாக அணைத்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

உள்ளே போனேன், பாதிப் பக்கங்கள் மறுக்கின்றன

உங்களுக்கு இந்தப் பகுதியை இயக்க அனுமதி இல்லை என்று சொல்லி, கீழே சில கட்டளைகளின் பட்டியலையும் காட்டும். அந்தப் பட்டியல்தான் மருந்துச் சீட்டு. கன்சோல் கணக்கோடு இணைத்த ப்ரொஃபைலின் 'கமாண்ட் ஏசிஎல்' (அனுமதித்த கட்டளைகளின் பட்டியல்) வரியில் அவை இருக்க வேண்டும். செயலாளர் ஐயாவுக்கு முழு அதிகாரம் கொடுக்க நான் விரும்பவில்லை. மீட்பதற்கு வேண்டியதை மட்டும் கொடுத்து, பேக்கப் தரவு இருக்கும் வால்யூமை அழிக்கிற கட்டளைகளை எடுத்துவிட்டேன். அவருக்கும் அதுதான் நிம்மதி.

நேரம் நான்கு மணி தள்ளிப்போகிறது

நம் மொரீஷியஸ் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 4 மணி முன்னால். சர்வர்களை நிறுவும்போது நேர வலயத்தை யாரும் கவனிப்பதில்லை, அது யுடிசியிலேயே நின்றுவிடும். பேரியோஸோடு வரும் மாதிரி அட்டவணை இரவு 21:00-க்கு ஓடும்: மாதத்தின் முதல் சனி முழு பேக்கப், மற்ற சனிகளில் டிஃபரன்ஷியல் (கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியவை), திங்கள் முதல் வெள்ளி வரை இன்கிரிமென்டல் (கடைசியாக எடுத்த பேக்கப்புக்குப் பின் மாறியவை). யுடிசி 21:00 என்றால் இங்கே விடியற்காலை 1:00. வெள்ளி இரவு ஓடும் என்று நினைத்தது சனி அதிகாலையில் ஓடியிருக்கும்.

மூன்று கடிகாரங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சர்வரின் கடிகாரத்தை 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் 'செட்-டைம்சோன்' கொடுத்து மாற்றலாம். வலயத்தின் பெயர் 'இந்தியன்', சாய்கோடு, 'மொரீஷியஸ்'. முகப்பு பிஹெச்பி என்பதால் அதற்குத் தனிக் கடிகாரம்: பிஹெச்பி.ஐஎன்ஐ கோப்பில் 'டேட்.டைம்சோன்'. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் இருக்கும், கட்டளை வரிக்கு ஒன்று, வெப் சர்வருக்கு ஒன்று. கட்டளை வரிக்கு உரியதை மாற்றிவிட்டு முகப்பில் மாறவில்லையே என்று தவிப்பது வழக்கம். மூன்றாவது, பார்க்கிறவரின் கணினி. மாற்றியபின் டைரக்டர், ஸ்டோரேஜ் டீமன், அப்பாச்சி, பிஹெச்பி சேவை எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய வலயத்தையே மனதில் வைத்திருக்கும்.

வலயப் பெயருக்குப் பதிலாகக் கூட்டல் 4 என்று போடலாமே என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில். 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை மொரீஷியஸில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிப் பார்த்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். வலயப் பெயர் போட்டால் அந்தக் கோடையில் எடுத்த புகைப்படக் கோப்புகளின் நேரமும் ஒழுங்காக வரும். இன்னொன்று, லினக்ஸில் 'இடிசி/ஜிஎம்டி+4' என்று ஒரு வலயம் இருக்கிறது; அதன் குறி தலைகீழ். அது கிரீன்விச்சுக்கு நான்கு மணி பின்னால். அதைப் போட்டால் நான்கு மணி வித்தியாசம் எட்டு மணியாகும்.

நேரத்தைச் சரிசெய்த பிறகு எங்களுக்கு இன்னொரு உண்மை புரிந்தது. இரவு 21:00-க்கு அலுவலகக் கணினிகள் எல்லாம் அணைந்து கிடக்கின்றன. இத்தனை நாள் பாதி பேக்கப் தோற்றதற்கு அதுதான் காரணம். அட்டவணையை மதியம் 12:15-க்கு மாற்றினேன். எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள், கணினி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

வேலை ஓடுவதாகக் காட்டுகிறது, ஒரு பைட்டும் நகரவில்லை

புதிதாக ஒரு கணினியைச் சேர்த்த அன்று வரும் கோளாறு இது. சர்வரின் சொந்த பேக்கப் நன்றாக நடக்கும். போர்ட் லூயிஸ் அலுவலகத்து விண்டோஸ் கணினி மட்டும் நெடுநேரம் ஓடுவதுபோல் நடித்து, கடைசியில் சிவப்பாகும். வேலையின் லாகைத் திறந்தால் ஸ்டோரேஜ் டீமனை 'லோக்கல்ஹோஸ்ட்' 9103-ல் எட்ட முடியவில்லை என்று இருக்கும்.

காரணம் எளிது. தரவு டைரக்டர் வழியாகப் போவதில்லை. ஸ்டோரேஜ் இந்த முகவரியில் இருக்கிறது, போய்க் கொடு என்று டைரக்டர் சொல்ல, கணினி தானே நேராகப் போய்க் கொடுக்கும். முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால் அந்தக் கணினி தன் வீட்டுக்குள்ளேயே ஸ்டோரேஜைத் தேடும். டைரக்டர் அமைப்பில் ஸ்டோரேஜ் என்ற அடைவுக்குள் 'ஃபைல்.கான்ஃப்' கோப்பில் 'அட்ரஸ்' வரியைப் பாருங்கள். பக்கத்திலேயே, இங்கே லோக்கல்ஹோஸ்ட் போடாதே என்று ஆங்கிலத்தில் குறிப்பும் இருக்கும். எல்லாக் கணினிக்கும் தெரிகிற முழுப் பெயரையோ ஐபி எண்ணையோ போடுங்கள்.

முகவரி சரியாக இருந்தும் போகவில்லை என்றால் தீச்சுவர் (ஃபயர்வால்) தடுக்கிறது. சர்வரில் 9103 திறந்திருக்க வேண்டும், விண்டோஸில் 9102. விண்டோஸ் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' என்று தட்டி, சர்வர் பெயரும் 'ஹைஃபன் போர்ட் 9103'-ம் கொடுத்தால் வழி திறந்திருக்கிறதா என்று ஒரே நொடியில் தெரியும். வெளியிலிருந்து உள்ளே வர முடியாத இடத்தில் கணினி இருந்தால், கணினியே டைரக்டரைத் தேடி வரும்படி அமைக்கலாம். 'கனெக்ஷன் ஃப்ரம் கிளையன்ட் டு டைரக்டர்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அப்போதும் 9103-க்கு வழி வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

லாகில் டிஎல்எஸ் பேச்சு தோற்றது என்று இருந்தால் சான்றிதழைத் தேடிப் போகாதீர்கள். நான் மேலே சொன்னபடி பாஸ்வேர்டுதான் சாவி. கணினியில் இருக்கும் பாஸ்வேர்டும் டைரக்டரில் இருக்கும் பாஸ்வேர்டும் ஒரு எழுத்து மாறினாலும், டைரக்டரின் பெயர் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டாலும், பாஸ்வேர்ட் தவறு என்று வராது. டிஎல்எஸ் பிழை என்றுதான் வரும்.

வால்யூமுக்காகக் காத்திருக்கிறது

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் எங்களுக்கு வந்தது இது. திரையில் எல்லா வேலைகளும் வரிசையாகக் காத்திருக்கின்றன. லாகில், எழுதுவதற்கு ஒரு வால்யூமை மவுண்ட் செய் அல்லது புதியதற்கு லேபிள் ஒட்டு என்று ஒரு வேண்டுகோள். நாடாவில் பேக்கப் எடுத்த காலத்துப் பேச்சு அது. இன்று வால்யூம் என்பது வட்டில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். வால்யூம்களின் தொகுப்புக்குப் பூல் என்று பெயர். மாதிரி அமைப்பில் இன்கிரிமென்டல் பூலுக்கு வால்யூம் ஒன்றுக்கு 1 ஜிபி, அதிகபட்சம் 100 வால்யூம், வைத்திருக்கும் காலம் 30 நாள். அதாவது 30 நாளில் 100 ஜிபிக்கு மேல் இடமில்லை. ரசீதும் பதிவேடும் மட்டும் என்றால் வருடக்கணக்கில் போதும். காவடி அன்று இளைஞர்கள் எடுத்த வீடியோக்கள் ஒரே வாரத்தில் அதைத் தின்றுவிட்டன. டிஃபரன்ஷியலுக்கு 10 ஜிபி, 90 நாள். முழு பேக்கப்புக்கு 50 ஜிபி, 365 நாள். இரண்டிலும் அதே 100.

பூல் கோப்பில் எண்ணிக்கையை உயர்த்துவதற்கு முன் 'டிஎஃப் ஹைஃபன் எச்' தட்டி வட்டில் உண்மையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டு நிறைந்தால் இதைவிடப் பெரிய வம்பு. உயர்த்தியபின் 'ரீலோட்' மட்டும் போதாது. பி-கன்சோலில் 'அப்டேட்' தட்டி, பூலை அமைப்புக் கோப்பிலிருந்து புதுப்பிக்கும் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே உருவான வால்யூம்கள் பிறந்த அன்றைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றையும் மாற்ற வேண்டுமென்றால் வால்யூம்களைத் தனியாக அப்டேட் செய்யுங்கள். அவசரத்தில் கோப்பு மேலாளரைத் திறந்து பழைய வால்யூம் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். பேரேட்டில் அவை இருப்பதாகவே இருக்கும், பிறகு மீட்கப் போகும்போதுதான் இல்லை என்று தெரியும்.

வீடியோக்களை நான் தனி வேலையாகப் பிரித்து, தனி பூலில் போட்டுவிட்டேன். ரசீதும் வீடியோவும் ஒரே பானையில் வேகக்கூடாது.

இதே அறிகுறிக்கு இங்கே இன்னொரு காரணம் உண்டு: புயல். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்ததும் நாங்கள் சர்வரை நிறுத்தி, வெளி வட்டைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உயரமான இடத்தில் வைத்துவிடுவோம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வெள்ளத்தில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தபிறகு இதை யாரும் கேலி செய்வதில்லை. ஆனால் புயல் போனதும் யாராவது சர்வரை முதலில் போட்டுவிட்டு, வட்டை அப்புறம் மாட்டுவார்கள். வட்டு இல்லாத நேரத்தில் அந்த அடைவு வெறுமையாக இருக்கும். ஸ்டோரேஜ் டீமன் பழைய வால்யூமைத் தேடிக் காணாமல் அதைப் பிழையானது என்று குறித்துவிடும், அல்லது புதியதை சர்வரின் சொந்த வட்டிலேயே எழுதி அதை நிரப்பிவிடும். பேக்கப் வெற்றி என்று திரை பச்சையாகவே காட்டும்.

இதற்கு மருந்து 'சிஸ்டம்சிடிஎல் எடிட் பேரியோஸ்-எஸ்டி'. திறக்கிற கோப்பில் 'யூனிட்' என்ற தலைப்பின் கீழ் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' சமம் என்று போட்டு வட்டின் பாதையை எழுதுங்கள். அந்த வட்டு 'எஃப்எஸ்டேப்' கோப்பில் யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணால் பதிவாகியிருக்க வேண்டும். அதன்பின் வட்டு வராமல் ஸ்டோரேஜ் டீமன் எழுந்திருக்காது. வேலை தோற்கும், சிவப்பு தெரியும். பொய்ப் பச்சையைவிட அது எவ்வளவோ மேல்.

மீட்புப் பக்கத்தில் மரம் விரியவில்லை

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் பொறுமையாக இருங்கள். கோப்பு மரத்தைக் காட்ட டைரக்டர் பிவிஎஃப்எஸ் என்ற இடைச் சேமிப்பைத் தயார் செய்கிறது. புகைப்படங்கள் நிறைந்த முழு பேக்கப்புக்கு முதல்முறை நிமிடக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு நாளும் கேட்டலாக் பேக்கப் முடிந்ததும் '.பிவிஎஃப்எஸ்_அப்டேட்' கட்டளை ஓடும்படி அந்த வேலையின் 'ரன் ஸ்கிரிப்ட்' பகுதியில் எழுதிவிட்டால், பகலில் மீட்பவருக்கு மரம் தயாராக இருக்கும். அதற்கும் நேரம் போதவில்லை என்றால் முகப்பின் 'கான்ஃபிகரேஷன்.ஐஎன்ஐ' கோப்பில் மரத்துக்கான காத்திருப்பு நேரம் மில்லிநொடிகளில் இருக்கும், கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலை பட்டியலில் இருக்கிறது, மரமோ வெறுமை என்றால் கதை வேறு. கோப்புப் பெயர்களைப் பேரேட்டில் எத்தனை நாள் வைப்பது என்பதற்குத் தனிக் காலம் உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 60 நாள். காலம் கடந்தவற்றைத் தானே கழிக்கும் ஆட்டோ ப்ரூன் இயங்கினால் அதற்குப்பின் பெயர்கள் பேரேட்டிலிருந்து போய்விடும். தரவு வால்யூமில் பத்திரமாகவே இருக்கும். 'பிஸ்கேன்' என்ற கருவியால் வால்யூமைப் படித்துப் பெயர்களை மறுபடி பேரேட்டில் ஏற்றலாம். மெதுவான வேலை. பெயர்களை வைக்கும் காலத்தை (ஃபைல் ரிடென்ஷன்) வால்யூமை வைக்கும் கால (வால்யூம் ரிடென்ஷன்) அளவுக்கு முன்பே உயர்த்தியிருந்தால் தேவைப்படாத வேலை.

ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்

இது நம் தமிழுக்கே வந்த கோளாறு, அதனால் கொஞ்சம் விரிவாக. மீட்பு மரத்தில் 'கோவில் கணக்கு' என்று ஒரு ஃபோல்டர், அதன் கீழேயே இன்னொரு 'கோவில் கணக்கு'. உள்ளே வேறு வேறு கோப்புகள். முகப்பில் பிழை என்றுதான் நானும் நினைத்தேன்.

பிழை முகப்பில் இல்லை. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பிறகு ஓகாரக் குறி ஒரே எழுத்தாக, அல்லது ஏகார இரட்டைக்கொம்பும் ஆகாரக் காலும் தனித்தனி எழுத்தாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இப்படி. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். பிரெஞ்சுப் பெயர்களில் உள்ள அழுத்தக் குறிகளையும் அப்படியே பிரிக்கும். ஒரு உறுப்பினர் தன் பழைய மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் கோப்புகளை அனுப்பியிருந்தார். லினக்ஸ் வந்ததை வந்தபடி வாங்கிக்கொண்டது.

மீட்கும்போது இரண்டு ஃபோல்டரையும் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். இனிமேல் வராமல் இருக்க, இரண்டையும் கையால் ஒன்றாக்கிவிட்டு, மீதிப் பெயர்களை 'கான்வ்எம்வி' கருவியில் 'என்எஃப்சி' என்று கொடுத்துச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றுங்கள். அந்தக் கருவி முதலில் ஒத்திகைதான் பார்க்கும்; 'நோடெஸ்ட்' என்று சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும். ஒத்திகையை ஒருமுறை படித்துவிட்டு மாற்றுங்கள்.

பழைய விண்டோஸ் காலத்துப் பிரெஞ்சுப் பெயர்கள் லத்தீன்-1 குறிமுறையில் கிடந்தாலும் மரம் தடுமாறும். முகப்பும் டைரக்டரும் ஜேசன் வடிவில் பேசிக்கொள்கின்றன, அதில் யுடிஎஃப்-8 தவிர வேறெதற்கும் இடமில்லை. அப்படிப்பட்ட ஃபோல்டரைப் பி-கன்சோல் வழியாக மீட்டுவிட்டு, பெயர்களை அதே கான்வ்எம்வியால் யுடிஎஃப்-8 ஆக்குங்கள்.

ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடுகிறது

'கான்ஃபிகரேஷன்.ஐஎன்ஐ' கோப்பில் செஷன் காலம் 3600 நொடி. மாற்றிக்கொள்ளலாம். பொது இடத்துக் கணினியில் பார்ப்பவர்கள் மாற்றாமல் இருப்பது நல்லது.

வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை

முடியக்கூடாது. முகப்பை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். எல்லாக் கோப்பையும் மீட்கும் அதிகாரம் அந்த ஒரு பாஸ்வேர்டில் இருக்கிறது. எஸ்எஸ்எச் சுரங்கமோ விபிஎன்னோ போட்டு, பூட்டிய வழியாக வாருங்கள்.

மீட்பு வெற்றி, கோப்பைக் காணோம்

செயலாளர் ஐயா ஒரு திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார். ரசீதுக் கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டாராம். முகப்பில் அவரே தேடி எடுத்து, மீட்கும் பொத்தானை அழுத்தி, பச்சை நிறமும் வந்துவிட்டது. ஃபோல்டரில் மட்டும் ஒன்றும் இல்லை. மூன்றுமுறை செய்தாராம். மூன்றுமுறையும் பச்சை.

பேரியோஸின் மாதிரி மீட்பு வேலை பழைய இடத்தில் வைக்காது. இப்போது இருக்கும் கோப்பின் மேல் எழுதிவிடக்கூடாதே என்ற எச்சரிக்கை அதற்கு. 'டிஎம்பி' அடைவுக்குள் 'பேரியோஸ்-ரிஸ்டோர்ஸ்' என்று ஒன்றை உருவாக்கி, அதற்குள் முழுப் பாதையையும் மறுபடி கட்டி, கடைசியில் கோப்பை வைக்கும். அதுவும் சர்வரில் அல்ல, எந்தக் கணினிக்கு மீட்கச் சொன்னீர்களோ அதில். லினக்ஸில் டிஎம்பி மறுதொடக்கத்தில் துடைக்கப்படலாம், நினைவகத்திலேயே இருந்தால் பெரிய கோப்புக்கு இடமும் போதாது. முகப்பின் மீட்புப் பக்கத்தில் இடத்தை மாற்றும் பெட்டி இருக்கிறது. வேறு பெயரில் ஒரு ஃபோல்டர் கொடுத்து மீட்டு, கண்ணால் பார்த்து, பிறகு நகர்த்துவதே என் வழக்கம்.

"சி டிரைவைத் திறங்க ஐயா," என்றேன். "டி, எம், பி என்று ஒன்று இருக்கும்."

கொஞ்ச நேரம் மௌனம். சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்குப்பா. அதுக்குள்ள சி, அதுக்குள்ள யூசர்ஸ்... இதுக்குள்ள என் வீடே இருக்குதே!"